மடியிலிருந்து அட்டைக்கு: தாம்பரம் – மீனம்பாக்கம் வழிப் புறப்பாடுகளும் பயணப் பணத்தின் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழர் புலம்பெயர்வு குறித்த ஆய்வுகள் வெளிநாடுகளிலிருந்து ஊருக்கு வந்து சேர்ந்த பணத்தைப் பற்றி நிறையப் பேசியுள்ளன. புறப்படும்போது பயணி கையோடு கொண்டுசென்ற பணம் பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டது. தென்சென்னைப் புறநகரின் இருப்புப்பாதை, விமான நிலையம் ஆகியவற்றின் வழியாக நிகழ்ந்த புறப்பாடுகளை முன்வைத்து, உண்டியல், தகரச் சீட்டு, பயணக் காசோலை, எட்டு டாலர், அட்டை ஆகிய வடிவங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. எதை எடுத்துச்செல்வது என்ற பயணியின் தெரிவு, மறுகரையில் அவர் பெயரை ஏற்றுப் பணம் தருவோர் யார் என்பதைப் பொறுத்தே அமைந்தது. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் அப்பொறுப்பு உறவினர்மீது விழுந்தது. இவ்விரண்டும் இக்கட்டுரையின் கருதுகோள்கள்.

திறவுச்சொற்கள்: பயணப் பணம், உண்டியல், அந்நியச் செலாவணி, தாம்பரம், மீனம்பாக்கம், புலம்பெயர்வு

முன்னுரை

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பது பழமொழி. குற்றமுள்ள நெஞ்சைச் சுட்டவே இன்று இது பெரிதும் ஆளப்படுகிறது. ஆயினும் இதன் நேர்ப்பொருள் வழிப்போக்கரின் பணச் சிக்கலே ஆகும். வேட்டி மடிப்பிலோ, முந்தானை முடிச்சிலோ, இடுப்பில் கட்டிய பையிலோ கனம் இருந்தால் கள்வருக்கு அஞ்சவேண்டும். கனம் இல்லையேல் வழிச்செலவுக்கு வகையில்லை. கடல்கடந்த பயணத்தில் இச்சிக்கலுக்கு இன்னொரு முடிச்சும் சேர்கிறது. இக்கரையில் செல்லும் காசு அக்கரையில் செல்லுமா என்பதே அது.

இச்சிக்கல் காலந்தோறும் எவ்வாறு தீர்க்கப்பட்டது என்பதை ஆராயத் தென்சென்னைப் புறநகர் பொருத்தமான களமாகும். கப்பலில் சென்றோர் சென்னைத் துறைமுகத்திலும் நாகப்பட்டினத்திலும் ஏறினர். இலங்கைக்கு இருப்புப்பாதை வழிச் சென்றோர் எழும்பூரில் ஏறித் தாம்பரத்தைக் கடந்தே தெற்கு நோக்கிச் சென்றனர். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் 'போட் மெயில்' என மக்கள் அழைத்த வண்டி பயணிகளைத் தனுஷ்கோடி வரை கொண்டுசேர்த்தது. அங்கிருந்து கப்பல் தலைமன்னாருக்குச் சென்றது. 1930கள் முதல் பரங்கிமலைக்கும் பல்லாவரத்துக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பு வானூர்திகள் இறங்குமிடமாயிற்று. எனவே இருப்புப்பாதை, நெடுஞ்சாலை, விமான ஓடுபாதை ஆகிய மூன்றும் அருகருகே செல்லும் இக்குறுகிய பட்டையில் ஒரு நூற்றாண்டுக் காலப் புறப்பாடுகள் பதிந்துள்ளன. அவற்றுக்கு முந்தைய கடல்வழி மரபை அறியாமல் இப்பட்டையின் வரலாறு விளங்காது என்பதால் அங்கிருந்தே தொடங்கவேண்டியுள்ளது.

உண்டியல்: எடையற்ற பணம்

ஆங்கிலேயர் ஆட்சிக்கால வெள்ளி ரூபாய் ஒன்றின் எடை 11.66 கிராம். ஆயிரம் ரூபாயை நாணயமாகச் சுமப்பவர் பதினொன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட வெள்ளியைச் சுமக்கிறார். மடியில் கனம் என்பது அக்காலத்தில் உவமையன்று. 1861 முதல் அரசு காகிதப் பணம் வெளியிட்டது. ஆனால் நோட்டுகள் 'வட்டம்' என்ற எல்லைக்கு உட்பட்டே சட்டப்படி செல்லுபடியாயின. சென்னை வட்டத்து நோட்டை இன்னொரு வட்டத்தில் ஏற்கவேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. 1903க்கும் 1911க்கும் இடையில் ஐந்து ரூபாய் முதல் நூறு ரூபாய் வரையிலான நோட்டுகள் படிப்படியாகப் பொதுவாக்கப்பட்டபின்பே இத்தடை நீங்கியது. அதாவது, இரங்கூனுக்கோ கொழும்புக்கோ புறப்பட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டு வணிகருக்கு அரசின் காகிதத்தைவிட நகரத்தாரின் காகிதமே நம்பத்தக்கதாக இருந்தது.

அக்காகிதமே உண்டியல். செயல்முறை எளியது. சென்னையிலோ செட்டிநாட்டிலோ உள்ள ஒரு கடையில் பணத்தைக் கட்டினால், அக்கடை தன் கூட்டாளிக் கடைக்கு ஓலை எழுதித் தரும். இரங்கூன் மொகல் தெருவிலோ, சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலோ, கொழும்புச் செட்டியார் தெருவிலோ அதைக் காட்டினால் பணம் கிடைக்கும். காட்டியவுடன் தரவேண்டியது தரிசன உண்டியல். குறித்த நாள் கழித்துத் தரவேண்டியது தவணை உண்டியல். வழியில் திருடப்பட்டாலும் முகமறியாத திருடனுக்கு அதனால் பயனில்லை. கடல் கடந்தது பற்று வரவுக் கணக்கே. வெள்ளி இருந்த இடத்திலேயே இருந்தது. இரு கடைகளும் ஒன்றன்மீது ஒன்று எழுதிக்கொண்ட உண்டியல்களைப் பின்னர் நேர்செய்துகொண்டன.

1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் கீழைமொழிகளில் எழுதப்பட்ட ஆவணங்கள் தொடர்பான உள்ளூர் வழக்காற்றைத் தொடாமல் விட்டது. உண்டியலைச் சட்டத்திற்குள் கொண்டுவர இயலாத ஆட்சி அதனை வழக்காறாகவே ஏற்றுக்கொண்டது. ஆங்கிலேய வங்கிகள் நகரத்தாருக்குக் கடன் வழங்கித் தாமும் அவ்வலைப்பின்னலை நம்பியிருந்தன என்பதை நோக்கினால் இவ்விட்டுக்கொடுப்பின் காரணம் புலனாகும். டேவிட் ரட்னரின் 1994ஆம் ஆண்டு நூல் இவ்வலைப்பின்னலைச் சாதி நிறுவனமாகவும் வங்கி நிறுவனமாகவும் ஒருசேர விளக்கியது. ஆயினும் அந்நூலின் பார்வை மூலதனத்தின்மீது உள்ளது. உண்டியலை மடியில் வைத்துக் கப்பலேறிய ஆள்மீது இல்லை.

அந்த ஆள் யார்? வட்டிக்கடைக்கு மூன்றாண்டுத் தவணையில் சென்ற மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் ஆகியோரை ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' வாசகர்கள் அறிவர். அவர்களுக்குப் பயணப் பணம் ஒரு சிக்கலே அன்று. இறங்கும் துறையில் கிட்டங்கி இருந்தது; கிட்டங்கியில் சோறும் படுக்கையும் இருந்தன; கணக்கில் அவர்கள் பெயர் இருந்தது. பணம் கைவசம் இல்லாமலே பணக்காரராகப் பயணம் செய்ய இயன்றதன் அடிப்படை இதுவே. ஆனால் இவ்வசதி பெயர் அறியப்பட்டவர்க்கு மட்டுமே உரியது.

உண்டியல் என்ற சொல்லின் பின்வரலாறு தனி ஆய்வுக்குரியது. தமிழகத்தில் அது கோயில் காணிக்கைப் பெட்டியாகச் சுருங்கிவிட்டது. ஈழத்தமிழர் வழக்கிலோ வங்கிக்கு வெளியே நம்பிக்கையின்பேரில் பணம் மாற்றும் முறைக்கு இன்றும் அதுவே பெயர். 1983க்குப் பின் சென்னைப் புறநகர்களில் வாடகை வீடுகளில் குடியேறிய ஈழத்தமிழர் குடும்பங்களோடு அச்சொல்லும் பழைய பொருளிலேயே இங்கு மீண்டது. நகரத்தாரின் கிட்டங்கி மறைந்தபின்னும் அதன் செயல்முறை வேறு கைகளில் உயிரோடு இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

தகரச் சீட்டு: பணமின்றிச் சென்றோர்

அதே காலத்தில் அதே கடலைக் கடந்தோரில் பெரும்பாலோர் உண்டியலைக் கண்ணாலும் கண்டிராதவர்கள். இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணி வழியே சென்ற தொழிலாளர்க்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச் சீட்டு வழங்கப்பட்டது. தோட்டத்தின் அடையாள எண் பொறித்த இவ்வில்லையைக் காட்டியே அவர்கள் முகாமையும் கப்பலையும் இரயிலையும் கடந்தனர். வழிச்செலவும் உணவும் தோட்டத்தின் கணக்கில் ஏறின. அங்கிருந்து கடனாகத் தொழிலாளர்மீது இறங்கின. தோட்டம் மாறவேண்டுமானால் கடன் தீர்ந்ததற்கான 'துண்டு' தேவைப்பட்டது. 1921இல் இலங்கையில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மலாயாவில் 1907இல் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி தோட்ட முதலாளிகளிடமிருந்து வரி திரட்டி, ஆவடி, நாகப்பட்டின முகாம்கள் வழி வந்தோரின் கப்பல் செலவை ஏற்றது.

உண்டியலும் தகரச் சீட்டும் வடிவத்தில் ஒத்தவை. இரண்டும் பணத்தைச் சுமக்காமல் கடலைக் கடக்க உதவின. இரண்டுக்கும் பின்னால் மறுகரையில் ஒரு கணக்கேடு இருந்தது. ஒன்றில் பயணியின் பெயர் வரவில் இருந்தது. மற்றொன்றில் பற்றில் இருந்தது. புலம்பெயர்வு வரலாற்றில் வணிகர், தொழிலாளர் என்று இரு வேறு இயல்களாகப் பிரித்து எழுதப்படுபவை உண்மையில் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்கள் எனலாம்.

1938 தாம்பரம்

சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. எழும்பூர் – தாம்பரம் இடையே 1931இல் தொடங்கிய மின்தொடர் வண்டி இல்லையேல் இவ்விடப்பெயர்ச்சி எளிதாக இருந்திராது. மறு ஆண்டு டிசம்பரில் அவ்வளாகத்தில் உலகச் சமயப்பணி மன்ற மாநாடு கூடியது. சீனாவின் ஹாங்சௌ நகரில் கூடவேண்டிய மாநாடு, சீன – ஜப்பானியப் போர் காரணமாக இங்கு மாற்றப்பட்டது. ஏறத்தாழ எழுபது நாடுகளைச் சார்ந்த, 470 பேரளவிலான பேராளர்கள் அதில் பங்கேற்றனர். பயணப் பண வரலாற்றில் இம்மாநாட்டின் முதன்மை அதன் சமய உள்ளடக்கத்தில் இல்லை. அது நடந்த நாளில் உள்ளது. தடையற்ற பயணப் பணத்தின் கடைசி மாதங்கள் அவை.

அன்றைய உலகப் பயணிக்கு முக்கியமாக மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, வங்கியின் கடன் ஆணைக் கடிதம். எந்தெந்த நகரில் எந்த வங்கி பணம் தரும் என்ற பட்டியல் அதனோடு இணைந்திருக்கும். எடுத்த தொகை ஒவ்வொன்றும் கடிதத்திலேயே குறிக்கப்படும். இரண்டாவது, தாமஸ் குக் நிறுவனம் 1874இல் அறிமுகப்படுத்திய சுற்றுச்சீட்டு. மூன்றாவது, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 1891இல் வெளியிட்ட பயணக் காசோலை. வாங்கும்போது ஒரு கையொப்பம், மாற்றும்போது இன்னொரு கையொப்பம் என்ற எளிய ஏற்பாட்டால் இம்மூன்றாம் வடிவம் பரவியது. உண்டியல் ஆளைத் தெரிந்த கடைக்காரரை வேண்டியது; பயணக் காசோலைக்கு ஆளைத் தெரிய வேண்டியதில்லை, கையெழுத்து பொருந்தினால் போதும். நம்பிக்கை குலத்திலிருந்து நிறுவனத்துக்கு இடம்பெயர்ந்த கணம் என இதனைக் கருத இடமுண்டு. எனினும் பயணக் காசோலையும் முன்னரே பணம் கட்டியவர்க்கே கிடைத்தது என்பதை மறத்தலாகாது.

அண்டை நாட்டவர்க்கு இவை எவையும் தேவைப்படவில்லை. இலங்கை ரூபாய் இந்திய ரூபாயோடு ஒன்றுக்கு ஒன்று என்ற மதிப்பில் பிணைக்கப்பட்டிருந்தது. 1937இல் இந்தியாவிலிருந்து பிரிந்த பர்மாவுக்கும் இந்திய ரிசர்வ் வங்கியே நோட்டு வெளியிட்டது. வளைகுடாத் துறைகளில் இந்திய ரூபாயே புழங்கியது. கொழும்பிலிருந்து தாம்பரத்துக்கு வந்தவருக்குச் செலாவணி என்ற எண்ணமே எழுந்திராது. மாறாக, 1931 முதலே செலாவணிக் கட்டுப்பாட்டை நடைமுறைப்படுத்திய ஜெர்மனியில், நாட்டைவிட்டுப் புறப்படுவோர் பத்து ரைக்ஸ்மார்க் மட்டுமே எடுத்துச்செல்லலாம் என்ற நிலை அந்நாளில் இருந்தது. பிற்காலத்தில் மீனம்பாக்கத்திலிருந்து புறப்பட்டோர் அறிந்த நெருக்கடியின் முன்வடிவம் அது.

கட்டுப்பாட்டின் நாற்பதாண்டுகள்

1939 செப்டம்பர் 3ஆம் நாள் போர் தொடங்கியதும் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் செலாவணிக் கட்டுப்பாடு வந்தது. போர் முடிந்தும் அது நீங்கவில்லை. 1947 மார்ச்சில் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டமாக அது நிலைபெற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் தென்கிழக்காசியத் தமிழர் பணம் குறித்துக் கசப்பான பாடம் ஒன்றைக் கற்றிருந்தனர். 1942இல் பர்மாவைவிட்டு நடந்து வெளியேறியோர் கணக்கேட்டிலிருந்த தம் வரவுகளை மடியில் கொண்டுவர இயலவில்லை. மலாயாவில் ஜப்பானியர் வெளியிட்ட, வாழைமரப் படம் பொறித்த நோட்டுகள் 1945இல் வெறும் தாளாயின. 1964 மே மாதம் பர்மிய அரசு 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாதனவாக்கியது. அதே ஆண்டு தாயகம் திரும்பிய தமிழர்க்கு அது இரண்டாம் இழப்பு. பொன்னை மட்டும் நம்பும் பழக்கத்தை மூடத்தனம் என எளிதில் ஒதுக்குவோர் இவ்வாண்டுகளை எண்ணிப் பார்த்தல் தகும்.

1954இல் மீனம்பாக்கத்தில் முனையக் கட்டடம் எழுந்தது. அதற்கு முன்பே, 1947 டிசம்பர் 10ஆம் நாள், ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்திருந்தது. பயணம் விரைவாகியது, பயணப் பணம் இறுகியது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் இயந்திர இறக்குமதி செலாவணிக் கையிருப்பைக் கரைத்ததால், 1957 முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கான ஒதுக்கீடு கடுமையாகக் குறைக்கப்பட்டது. பயணச்சீட்டு வாங்கவே ரிசர்வ் வங்கியின் 'பி படிவம்' ஒப்புதல் வேண்டியிருந்தது. வாங்கிய செலாவணித் தொகை கடவுச்சீட்டின் கடைசிப் பக்கங்களில் முத்திரையோடு எழுதப்பட்டது. 1960களில் புறப்பட்ட பலர் கையில் மூன்று பவுனும், பின்னர்ப் புறப்பட்டோர் கையில் எட்டு டாலரும் இருந்தன என்பது அத்தலைமுறையினரின் நினைவுகளில் திரும்பத் திரும்ப வருவது. 1966 ஜூன் மதிப்பிறக்கத்துக்கு முன் மூன்று பவுன் என்பது 40 ரூபாய். அதற்குப் பின் டாலருக்கு ரூ. 7.50 என்ற விகிதத்தில் எட்டு டாலர் 60 ரூபாய். அறுபது ரூபாயோடு ஒருவர் உலகின் மறுபக்கத்தில் நள்ளிரவில் இறங்கினார்.

அவர் எவ்வாறு பிழைத்தார் என்பதே பயணப் பண வரலாற்றின் மையக் கேள்வி. படிப்புக்கும் அலுவல் பணிக்கும் தனி ஒதுக்கீடு கிடைத்தது. அது பல்கலைக்கழகத்துக்கும் நிறுவனத்துக்கும் உரிய பணம். முதல் வாரத்து வாடகை, பேருந்து, குளிராடை, சோறு ஆகியவற்றுக்கு அதில் இடமில்லை. அவ்விடைவெளியை நிரப்பியவர் ஏற்கெனவே அங்கிருந்த சித்தப்பா மகன், கல்லூரியில் மூத்த மாணவர், பக்கத்து வீட்டாரின் மருமகன் ஆகியோரே. புறப்படுவதற்கு முன் எழுதப்பட்ட கடிதங்களில் விமானத்தின் எண்ணும் இறங்கும் நேரமும் தவறாமல் இடம்பெற்றன. எதிர்கொள்ள ஆள் வராவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் மொழி தெரியாத அச்சத்தைவிடப் பெரிது.

அங்கே உறவினர் கொடுத்த நூறு டாலரை எவ்வாறு திருப்புவது? எளிய வழி, அவருடைய பெற்றோர் வீட்டில் இங்கே ரூபாயாகக் கொடுத்துவிடுவது. குரோம்பேட்டையிலோ நங்கநல்லூரிலோ இருக்கும் முதியவர் கையில் கொடுத்தால் அங்குக் கணக்கு நேராகிவிடும். நகரத்தார் கடைகள் செய்ததும் இதுவே; வேறுபாடு, இதற்கு ஓலையில்லை, வட்டியில்லை. ஆனால் வெளிநாட்டில் வாழ்பவருக்கு ஈடாக இந்தியாவில் பணம் கொடுப்பதை 1973ஆம் ஆண்டின் புதிய செலாவணிச் சட்டத்தின் 9ஆம் பிரிவு ரிசர்வ் வங்கியின் அனுமதியின்றித் தடைசெய்தது. 1974 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தில் மீறல் குற்றவியல் தன்மையது. கடத்தல்காரரையும் கறுப்புப் பண முதலைகளையும் பிடிக்க வரையப்பட்ட வாசகம், மகனுக்குக் குளிராடை வாங்கித் தந்தவரின் தாய்க்குப் பணம் கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியரையும் எழுத்தளவில் உள்ளடக்கியது. இத்தகைய வீட்டுக் கணக்குகளைத் தேடிப் பிடிப்பது அரசின் நோக்கமாக இருந்திருக்க முடியாது. ஆயினும், சட்டப்படி வாழ்வதைப் பெருமையாகக் கொண்ட நடுத்தர வகுப்பு தன் உறவுக்கடமையைத் தாழ்ந்த குரலில் பேசவேண்டியதாயிற்று. கட்டுப்பாட்டின் செலவைக் கணக்கிடும் பொருளியல் நூல்களில் இவ்விழப்புக்குப் பத்தி இல்லை.

அரசின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. 1950களில் இந்திய ரூபாய் நோட்டுகளை வளைகுடாவுக்குக் கொண்டுபோய்ப் பொன்னாக மாற்றிக் கடத்திவந்தனர். அந்நோட்டுகளை மீண்டும் ஸ்டெர்லிங்காக மாற்றித் தரும் பொறுப்பு ரிசர்வ் வங்கிமீது விழுந்தது. இதைத் தடுக்கவே 1959இல் வளைகுடாவுக்கென்று தனிநிற நோட்டுகள் வெளியிடப்பட்டன. அதே ஆண்டு ஹஜ் பயணிகளுக்கென்று 10, 100 ரூபாய்களில் தனி நோட்டுகளும் வந்தன. இந்திய நாட்டுக்குள் செல்லாத இந்நோட்டுகள் பயணப் பண வரலாற்றில் அரிய சான்றாகும். பயணியின் நோக்கத்தை ஒட்டியே பணத்தின் வடிவம் அமைந்ததை அவை காட்டுகின்றன. பயணி எதற்காகப் போகிறார் என்பதைப் பொறுத்தே எவ்வளவு, எவ்வடிவில் என்று தீர்மானிக்கும் இம்மனப்போக்கு இன்றைய விதிகளிலும் தொடர்வதைக் காணலாம். பெரும்பாலான நாடுகளுக்குச் செல்லும் தனிப் பயணிக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரையே நோட்டாகத் தரப்படும் நிலையில், ஹஜ், உம்ரா பயணிகளுக்கு முழு ஒதுக்கீட்டையும் நோட்டாகவே பெறும் சலுகை உள்ளது.

1984இல் தாம்பரத்தில் சென்னை ஏற்றுமதி மண்டலம் தொடங்கப்பட்டது. டாலர் ஈட்டுவதற்கென்றே சுங்க வேலியிட்டு அமைக்கப்பட்ட நிலம் அது. அதற்கு வடக்கே, அதே நெடுஞ்சாலையில், விமான நிலையத்தில் பயணியின் கைப்பையில் எத்தனை டாலர் என்று எண்ணப்பட்டது. ஈட்டுமிடமும் எண்ணுமிடமும் ஒரே சாலையில் சில கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்தது தற்செயலே. ஆயினும் அக்காலப் பொருளியலைச் சுருங்கக் காட்ட இதனினும் தெளிவான நிலப்படம் கிடைப்பது அரிது.

தளர்வும் தெரிவும்

1991 நெருக்கடியைத் தொடர்ந்து கட்டுகள் அவிழ்ந்தன. 1994 ஆகஸ்டில் நடப்புக் கணக்கில் ரூபாயின் மாற்றுரிமை ஏற்கப்பட்டது. 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் 2000 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது; மீறல் குற்றவியலிலிருந்து உரிமையியலுக்கு மாறியது. 2004 பிப்ரவரியில் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டம் ஆண்டுக்கு 25,000 டாலருக்கு வழிவிட்டது. 2013இல் ரூபாய் சரிந்தபோது 75,000 ஆகக் குறுக்கப்பட்டு, 2015இல் 2,50,000 ஆக உயர்ந்த அவ்வரம்பின் ஏற்ற இறக்கமே நாட்டின் செலாவணி அச்சத்துக்கு வெப்பமானியாக விளங்குகிறது.

பயணக் காசோலை இந்தியப் பயணியின் கைக்கு வந்த காலமும் அது மறையத் தொடங்கிய காலமும் ஏறத்தாழ ஒன்றே. உலகம் அட்டைக்கு மாறிக்கொண்டிருந்தபோது இங்கு அது புதுமையாயிற்று. தொடரெண்களைத் தனித்தாளில் எழுதி வேறு பையில் வைக்கும் பழக்கத்தை ஒரு தலைமுறை கற்றது. அடுத்த தலைமுறைக்கு அது தேவைப்படவில்லை. கணினிப் பணிக்காகப் புறப்பட்டோர் கையில் முன்பணம் ஏற்றிய செலாவணி அட்டை வந்தது.

இன்றைய புறநகர்ப் பயணி முதன்முறையாக உண்மையான தெரிவு உடையவராகிறார். நோட்டாக எடுத்துச்சென்றால் நாணய மாற்றுக் கடையின் விலை வேறுபாட்டோடு இழப்பு முடிந்துவிடும்; தொலைந்தால் முழுதும் போகும். செலாவணி அட்டையில் ஏற்றினால் விகிதம் புறப்படும் நாளிலேயே உறுதியாகும். மிச்சத்தைத் திரும்ப மாற்றும்போது மீண்டும் ஒரு வேறுபாடு இழக்கப்படும். கடனட்டையில் செலவிட்டால் விகிதமும் கட்டணமும் பின்னரே தெரியும். வெளிநாட்டுக் கடையில் ரூபாயிலேயே கட்டுகிறீர்களா என்று இயந்திரம் கேட்பது உதவி போலத் தோன்றும். ஆம் என்றவருக்குக் கடைக்காரர் தரப்பு வங்கி குறித்த, பெரும்பாலும் குறைவான விகிதமே கிடைக்கும். ஊரின் காசைக் கண்டதும் உண்டாகும் ஆறுதலுக்கான விலை அது.

இத்தெரிவின்மீதும் அரசின் கண் உள்ளது. 2020 அக்டோபர் முதல் இத்திட்டத்தின்கீழ் அனுப்பும் தொகையில் முன்வரி பிடிக்கப்படுகிறது. 2023 அக்டோபரில் படிப்பு, மருத்துவம் தவிர்ந்த பிற தேவைகளுக்கு ஏழு இலட்சத்துக்கு மேல் 20 விழுக்காடாக அது உயர்ந்தது. 2025 ஏப்ரலில் வரம்பு பத்து இலட்சமாயிற்று. 2023 மே மாதம் வெளிநாட்டில் கடனட்டையால் செய்யும் செலவையும் இவ்வரம்புக்குள் கொண்டுவர அறிவிக்கை வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் அடுத்த மாதமே ஒத்திவைக்கப்பட்டது. எவ்வடிவப் பணம் கணக்கில் வரும், எது வராது என்பதை ஆணையொன்று ஆறு வாரங்களில் இருமுறை மாற்ற முடிந்தது.

விதிகள் எவ்வாறாயினும் உறவு வங்கி மூடப்படவில்லை. மகள் வீட்டுக்கு ஆறு மாதம் தங்கச் செல்லும் தாம்பரத்து முதியவர் கையில் இன்றும் சில நூறு டாலரே உள்ளது. அங்கு அவருடைய செலவு மகளின் கணக்கிலிருந்து அவர் பெயருக்கு எடுத்துத் தரப்பட்ட துணை அட்டையில் நடக்கிறது. அட்டை இல்லாதவர்க்கு மருமகன் கையே அட்டை. முன்பு மாணவர் உறவினரை நம்பி இறங்கினார். இன்று அம்மாணவர் தலைமுறை பெற்றோரை இறக்கி எதிர்கொள்கிறது. பயணியின் பணத்தை மறுகரையில் உறவு வைத்திருப்பது சட்டத் தடையால் மட்டும் விளைந்த வழக்கமன்று என்பதைத் தடை நீங்கிய பின்னும் அது தொடர்வதால் அறியலாம்.

யாழ்ப்பாணப் பாதை

2019 அக்டோபரில் பலாலி விமானத்தளம் யாழ்ப்பாணப் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னை – யாழ்ப்பாண விமானம் பறந்தது. பெருந்தொற்றால் நின்று 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 1947இல் ஏர் சிலோன் கடந்த வழி ஏறத்தாழ இதுவே. அன்று இறங்கியவர் தம் பையிலிருந்த ரூபாயை மாற்றுக் குறைவின்றிச் செலவிடலாம். 1950இல் இலங்கை மத்திய வங்கி தொடங்கியபின் இரு ரூபாய்களும் தத்தம் வழியில் பிரிந்தன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடி இரயில் பாதையை அழித்தது. 1983க்குப் பின் அக்கடலைப் படகில் கடந்து இங்கு வந்தோர் மடியில் நகையன்றி வேறு கொண்டுவர வழியிருக்கவில்லை.

2024 பிப்ரவரி 12 முதல் இலங்கையில் இந்தியப் பயணியர் யூபிஐ வழிப் பணம் செலுத்தலாம். மீனம்பாக்கத்திலிருந்து காலையில் புறப்பட்டவர் யாழ்ப்பாணக் கடையொன்றில் கட்டத்தைக் கைப்பேசியால் படம்பிடிக்கிறார். தாம்பரத்து வங்கிக் கிளையிலுள்ள அவர் கணக்கில் ரூபாய் குறைகிறது. கடைக்காரர் கணக்கில் இலங்கை ரூபாய் ஏறுகிறது. இடையில் நோட்டும் இல்லை, கடிதமும் இல்லை. கைப்பேசியில் மின்னேற்றம் தீர்ந்துவிடும் என்ற அச்சத்தில், அவருடைய உள்பையில் மடித்த ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் சில உள்ளன. 25,000 ரூபாய் வரை அவற்றை எடுத்துச்செல்ல விதி இடம் தருகிறது.